மாடல் ரூமைப் பூட்டிய வார்டன்

வசுந்தராவின் அப்பா பத்ரிநாத், மஹால் பக்கம் புடவை வியாபாரம் செய்தவர். தறியிலிருந்து வரும் புடவையை மேல்மடிப்பை மட்டும் பார்த்து அவர் வாங்கியதே இல்லை. உதறிப் பிரிப்பார், உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார், முந்தானையின் மூலையை ஈரத்துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். அதன் பிறகுதான் விலை பேசுவார்.

அப்படிப்பட்டவர் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன அன்று வாசலோடு நின்றுவிட்டார். சரக்கொன்றை மரங்கள் இருபுறமும் பூத்திருந்தன. முகப்பு உயரமாக இருந்தது. அதிலேயே அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. பெண்கள் தங்கும் இடத்துக்குள் ஆண் போய்ப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்ததால் விடுதிப் பக்கம் அவர் போகவில்லை.

அந்த விடுதியின் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. இரண்டாம் ஆண்டில் பல பெண்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. வசுந்தராவும் கண் மஞ்சளித்து வீடு திரும்பினார். தேர்வு போயிற்று, படிப்பும் நின்றது. பட்டத்தை வெகுநாள் கழித்துத் தபால் வழியில்தான் முடித்தார்.

இன்று அவர் கப்பலூரைத் தாண்டி இருக்கும் ஒரு மகளிர் கல்லூரியில் விடுதி வார்டன். விளாங்குடியில் வீடு இருந்தாலும் பெரும்பாலான நாட்கள் விடுதியில்தான் தங்குகிறார். புகழ்ந்து சொல்ல அந்தக் கல்லூரியில் அதிகம் இல்லை. கட்டடம் பழையது; பாடம் ஒழுங்காக நடக்கும். நெடுஞ்சாலைக்கு எதிர்ப்புறம் கண்ணாடி முகப்பும் லிப்டுமாக இன்னொரு கல்லூரி எழுந்த பிறகு இங்கே சேர்க்கை சரிந்தது. விடுதியில் பாதி அறைகள் காலி.

"இந்த ஜூன்ல ரூம் நெறயலைன்னா ஹாஸ்டல மூடிற வேண்டியதுதான் மேடம்," என்று செயலாளர் கிரிதரன் சொல்லிவிட்டார். "பஸ்ல வர்ற பிள்ளைங்க போதும்."

பஸ்ஸில் வந்து போக முடியாத பெண்கள்தான் விடுதியில் இருந்தார்கள். விடுதி மூடினால் அவர்களில் பலருக்கு வேறு கல்லூரி இல்லை, வீடுதான். வசுந்தராவுக்கு அது தெரியும்.

கிரிதரனும் சும்மா இருக்கவில்லை. வாசலில் தண்ணீர் பீச்சும் ஒரு பவுண்டன் வைத்தார். விடுதியில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் புது வர்ணம் அடித்து, திரைச்சீலை தொங்கவிட்டு, மேசையில் பூச்சாடி வைத்து அதற்கு மாடல் ரூம் என்று பெயரிட்டார். வருகிற பெற்றோருக்கு அதை மட்டுமே காட்ட வேண்டும் என்பது உத்தரவு.

தோற்றத்தில் மயங்காதே என்று சொல்வது எளிது. ஆனால் படுக்கும் அறையும் குளிக்கும் இடமும் வெறும் தோற்றம் அல்ல. மூன்று ஆண்டுகள் உடம்பை அங்கே வைத்துக்கொண்டுதான் ஒரு பெண் படிக்க வேண்டும். கட்டடத்தை அற்பம் என்று ஒதுக்குகிறவரும் அதன் முகப்பை மட்டும் மெச்சுகிறவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவருமே உள்ளே போய்ப் பார்ப்பதில்லை.

உசிலம்பட்டியிலிருந்து சோணையம்மாள் தன் மகள் ஆர்த்திகாவை அழைத்துக்கொண்டு வந்தார். கூடவே தாய்மாமன் கண்ணுச்சாமி. அவர் சொல்லுக்கு அந்த வீட்டில் எடை அதிகம்.

"கண்ணாடிக் காலேஜுல லிப்டுல ஏத்திக் காட்டுனாங்க," என்றார் கண்ணுச்சாமி. "மேல போனதே தெரியல. இங்க என்னம்மா இருக்கு?"

"லிப்டுலயா அவ படுத்து ஒறங்கப் போறா?" என்றார் சோணையம்மாள். "கக்கூஸக் காட்டுங்கன்னு கேட்டேன். பெயிண்ட் அடிக்கிறாங்க, அப்புறம் பாக்கலாம்ண்டாங்க."

கிரிதரன் மாடல் ரூமை நோக்கிக் கை நீட்டினார். வசுந்தரா அதன் கதவைச் சாத்திப் பூட்டினார். பிறகு மற்ற அறைகளின் சாவிக்கொத்தைச் சோணையம்மாள் கையில் கொடுத்தார்.

"இதுல யாரும் குடியிருக்கலக்கா. பிள்ளைங்க கிட்ட சொல்லிட்டேன், எல்லாரும் கிளாஸ்ல இருக்காங்க. உங்களுக்கு எந்த ரூமு தோணுதோ, தெறந்து பாருங்க."

கண்ணுச்சாமி வாசற்படியிலேயே நின்றார். "ஆம்பள நான் எதுக்கு உள்ள?"

"எங்கப்பாவும் இப்படித்தான் வெளியவே நின்னுட்டாரு. நீங்க வாங்கண்ணே."

"அந்த மூலைப் பக்கம் மட்டும் வேணாம்," என்றார் கிரிதரன் அவசரமாக. சோணையம்மாள் நேராக அங்கேதான் போனார். சுவர் ஊறிப்போய்ச் சுண்ணாம்பு செதில் செதிலாக உதிர்ந்திருந்தது.

"வாசல்ல இருக்க பவுண்டன் இங்க வரைக்கும் பாயுதாக்கும்," என்றார் கண்ணுச்சாமி.

"மழ பேஞ்சா ஒழுகும்ண்ணே. அதான் இதுல யாரையும் தங்க வைக்கல. போன வருசமே சரி பண்ணச் சொல்லிக் கேட்டேன். பவுண்டன் முந்திக்கிருச்சு." குரலைத் தாழ்த்தாமல்தான் வசுந்தரா இதைச் சொன்னார். கிரிதரன் வெளியே பார்த்தார்.

சோணையம்மாள் குளியலறைக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். தாழ்ப்பாள்களைப் போட்டுப் பார்த்தார். மாடியேறித் தொட்டியைக் காட்டச் சொன்னார். வசுந்தரா பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினார். தண்ணீருக்குள் தொட்டியின் அடி தெளிவாகத் தெரிந்தது. சோணையம்மாள் ஒரு கை அள்ளி முகர்ந்து, வாய் கொப்பளித்தார்.

"வேறென்ன கொற இருக்கு?"

"கொசு இருக்கும். ஞாயித்துக்கெழம சாப்பாடு சுமாராத்தான் இருக்கும்."

"கொறயச் சொல்லி யாவாரம் பண்ற ஆள இப்பத்தான் பாக்கேன்," என்று கண்ணுச்சாமி சிரித்தார்.

"ஒழுகுற செவுத்தக் காட்டுனவுக, எம்பிள்ளைக்குக் காச்சல்ண்டா மறைக்க மாட்டாக," என்றார் சோணையம்மாள். "என்னத்தா சொல்ற?"

ஆர்த்திகா அதற்குள் ஓர் அறையில் சன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "லேப் எத்தன மணி வரைக்கும் தெறந்திருக்கும்?" என்று வசுந்தராவிடம் கேட்டாள். அதுவே பதில்.

அடுத்த வாரம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு வேன் வந்தது. முன்சீட்டிலிருந்து இறங்கிய கண்ணுச்சாமி, "எல்லாரும் மொதல்ல தொட்டியப் போய்ப் பாருங்க," என்று வழிகாட்டினார். லிப்டைப் பற்றி அவர் பேசவே இல்லை. பிறகு பேரையூர், செக்கானூரணிப் பக்கங்களிலிருந்தும் தாய்மார்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் சாவிக்கொத்தைத்தான் கேட்டார்கள். கிரிதரன் அனுப்பிய கொத்தனார் வந்து மூலை அறைச் சுவரைக் கொத்திப் பூசினார். பூச்சு காய்ந்ததும் அந்த அறைக்கும் ஆள் வந்தது.

சேர்க்கையின் கடைசி நாளில் திருமங்கலத்திலிருந்து ஒரு பெண் பெட்டியோடு வந்து நின்றாள். எல்லா அறைகளும் நிறைந்துவிட்டன. கிரிதரன் தாமே போய் மாடல் ரூமின் பூச்சாடியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, "கூப்பிடுங்க மேடம், அந்தப் பிள்ளை உள்ள வரட்டும்," என்றார்.

"பூட்டித்தான இருந்துச்சு, பூச்சாடிய எப்படி எடுத்தீங்க?"

"எங்கிட்டயும் ஒரு சாவி இருக்கு," என்றார் அவர்.

வசுந்தரா சிரித்தபடி அந்தச் சாவியையும் வாங்கிக் கொத்தில் கோத்துக்கொண்டார். சாயங்காலம் புதுத் திரைச்சீலைக்கு மேல் ஓர் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது.