ஹஃபீசாவின் வாசகர்கள்

2005 மழைக்காலத்தில் ஹஃபீசாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்து வீடு திரும்பியபோது இரண்டு காதும் கேட்கவில்லை. அப்போது அவளுக்கு முப்பது வயதுக்கு மேல் கொஞ்சம். குரோம்பேட்டையில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்தாள். பிள்ளைகள் கேட்பது காதில் விழாமல் எப்படி வகுப்பு எடுப்பது என்று அவளே வேலையை விட்டுவிட்டாள்.

பேச்சு போகவில்லை. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் பாதி, ஊகித்து மீதி என்று புரிந்துகொள்ளப் பழகினாள். அது களைப்பான வேலை. அதனால் வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. கணவன் கலீல் ஜி.எஸ்.டி. சாலையில் பைப்பும் குழாய்ச் சாமான்களும் விற்கும் கடை வைத்திருந்தான். கலகலப்பான ஆள்தான். அவளைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைத்து, "சாப்டியா", "கெளம்பறேன்" என்பதோடு அவனும் நிறுத்திக்கொண்டான்.

ஹஃபீசாவின் தம்பி யாசீன் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தான். தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, நெட் கனெக்‌ஷன் வாங்கிக் கொடுத்து, தமிழில் டைப் செய்யவும் காட்டித் தந்தான். "பேசத்தான் கஷ்டம். எழுதுக்கா" என்றான்.

அவள் ஒரு வலைப்பதிவு தொடங்கினாள். குக்கர் கைப்பிடியில் விரல் வைத்து விசிலின் அதிர்வை உணர்வது, ராதா நகர் ரயில்வே கேட்டில் மற்றவர்கள் முகத்தைப் பார்த்து ரயில் வருவதைத் தெரிந்துகொள்வது, எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் தானும் சிரிப்பது என்று தன் நாட்களை அதில் எழுதினாள்.

பக்கத்தின் அடியில் யாசீன் ஒரு கவுண்டரை வைத்திருந்தான். எத்தனை முறை அந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்று அது காட்டும். சில மாதங்களில் ஒரு நாளைக்கு அறுபது, எழுபது என்று ஏறியது. காலையில் கலீல் கிளம்பியதும் ஹஃபீசா முதலில் பார்ப்பது அதைத்தான். "நேத்து எழுபது பேர் வந்திருக்காங்க" என்று ஒருநாள் அவனிடம் சொன்னாள். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஒன்று மட்டும் உறுத்தியது. பெருநாளுக்கு வந்த யாசீனிடம் கேட்டாள். "இவ்வளவு பேர் படிக்கிறாங்க. ஒருத்தராவது ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?"

யாசீன் கவுண்டரின் விவரப் பக்கத்தைத் திறந்து மேலும் கீழும் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். அவளுக்குப் பிடிபடவில்லை. அவன் திரையில் டைப் செய்தான்: "நீ உன் பக்கத்தைத் தொறக்கிற ஒவ்வொரு தடவையும் அது உன்னையும் எண்ணுதுக்கா."

எழுத்துப் பிழை திருத்தினால் ஒரு முறை திறப்பாள். பின்னூட்டம் வந்ததா என்று ஒரு முறை. எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போன முறைகளும் எண்ணில் ஏறியிருந்தன.

"என்னைத் தவிர?"

யாசீன் தயங்கி மூன்று விரல் காட்டினான்.

"என்னை எண்ணாம செய்ய முடியுமா?"

"முடியும். பாக்க உனக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

"பரவால்ல, செய்."

மறுநாள் கவுண்டர் மூன்று என்றது. அதற்கடுத்த நாள் இரண்டு. ஹஃபீசா கம்ப்யூட்டர்மேல் ஒரு பழைய துப்பட்டாவைப் போட்டு மூடிவிட்டாள்.

சில வாரம் கழித்து கலீல் கேட்டான், "இப்பல்லாம் எழுதறதில்லையா?"

"யார் படிக்கிறா?"

அவன் கம்ப்யூட்டர்மேல் கிடந்த துப்பட்டாவைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனான்.

அந்த மாதம் அனகாபுத்தூரிலிருந்து கலீலின் அக்கா, தன் மகளின் கல்யாணத்துக்கு அழைக்க வந்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். கலீல் எழுந்துபோய், "அக்கா, இந்தப் பக்கம் வந்து உக்காரு. வெளிச்சம் முதுகுப் பக்கம் இருந்தா நீ பேசறது அவளுக்குத் தெரியாது" என்றான்.

அவன் உதட்டில் பாதியையும் நாற்காலி நகர்ந்ததில் மீதியையும் ஹஃபீசா புரிந்துகொண்டாள். வெளிச்சம் பற்றிய அந்த விஷயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வந்தவர்களை இடம் மாறி உட்காரச் சொல்லக் கூச்சம். வலைப்பதிவில் மட்டும் எழுதியிருந்தாள்.

அக்கா போனதும் கேட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடைக்குப் பக்கத்துல பிரௌசிங் சென்டர் இருக்குல்ல."

"ஏன் சொல்லல?"

"நான் படிக்கிறேன்னு தெரிஞ்சா எழுதறத நிறுத்திடுவியோன்னு. வீட்ல நீ ஒண்ணும் சொல்றதில்ல. அங்கதான் சொல்ற." அவளுக்குப் புரிவதற்காக மெதுவாக இன்னொரு முறையும் சொன்னான்.

"படிச்சும் எங்கிட்ட பேசலியே நீங்க."

கலீல் தலை குனிந்தான். பிறகு அவள் பார்ப்பதற்காக முகத்தை நிமிர்த்தினான். "எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல ஹஃபீ."

"அப்ப அந்த மூணுல ஒண்ணு நீங்க."

"சில நாள் ரெண்டு வாட்டி பாப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மிச்சம் ஒரே ஒருத்தர்தானா?"

அன்று கலீல் கடையை மதியத்துக்குமேல்தான் திறந்தான்.

மிச்சமிருந்த அந்த ஒருவர் யார் என்று ஹஃபீசா வலைப்பதிவிலேயே கேட்டாள். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. தமிழில் டைப் செய்யத் தெரியாததால் ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தார். சேலையூரைச் சேர்ந்த கனகவல்லி. பட்டறை இரைச்சலில் அவர் கணவர் சிட்டிபாபுவின் காது போய்விட்டது. அவரோடு எப்படிப் பேசுவது என்று இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாராம். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டிருந்தார்.

ஹஃபீசா அவர்களை வீட்டுக்கு அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். சிட்டிபாபு அடர்ந்த மீசைக்காரர். வந்ததிலிருந்து தேநீரைக் குடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹஃபீசா அவர் எதிரில் போய் உட்கார்ந்து, பட்டறையில் என்ன வேலை என்று வாயை நன்றாகத் திறந்து கேட்டாள். அவர் முதலில் ஒரு சொல்லில் பதில் சொன்னார். பிறகு சொல்லிக்கொண்டே போனார். அவளுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. மீசை ஒதட்ட மறைக்குது" என்றாள்.

கனகவல்லி பதறிப் போனார். அந்த மீசையை அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வைத்திருக்கிறாராம். கலீல் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தான். அன்று எழுதிக் காட்டியே சமாளித்தார்கள்.

அடுத்த ஞாயிறு அழைக்காமலே வந்தார்கள். சிட்டிபாபு மீசையை மழித்திருந்தார்.