மாமா மாடிப்படியில் உருண்ட வியாழக்கிழமை

அம்மாவின் அண்ணன் முப்பது வருட நடிகர். நீதிபதி, பூசாரி, பிக்பாக்கெட், டாக்டர் என்று எந்தச் சட்டையைக் கொடுத்தாலும் போட்டுக்கொள்வார். கண் சிமிட்டுவதற்குள் திரையைவிட்டுப் போய்விடுவார். அவரை முதலில் யார் கண்டுபிடிப்பது என்று வீட்டில் போட்டியே நடக்கும். எப்போதும் நான்தான் ஜெயிப்பேன்.

நான் ஆறாவது படிக்கும்போதுதான் அவருக்கு நல்ல காலம் வந்தது. ஒரு டிவி தொடரில், மருமகளைப் பட்டினி போட்டு அறையில் பூட்டும் மாமனார் வேடம். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கே தினமும் சாயங்காலம் அவரைத் திட்டியபடி பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சமயம் குறிஞ்சிப்பாடியிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் வேலை. அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. கேசரி பாதி தீர்ந்தபோது, சென்னை பஸ்ஸில் வந்திறங்கிய மாமா உள்ளே நுழைந்தார். மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"இவரா தாய்மாமன்? தெனம் பார்த்துக்கினுதான இருக்கன். இவரு கையால மால போட்ட பொண்ணு எங்க வூட்டுக்கு வேணாங்க."

"அது நடிப்புங்க" என்றார் அப்பா.

"நடிப்புன்னா கண்ணு இப்பிடியா முழிக்கும்?"

மாமா சமாதானமாகச் சிரித்தார். அது தொடரில் வரும் அதே சிரிப்பு. அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அக்கா கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா அவளிடம் போய் ஏதோ கேட்டார், அவள் தலையாட்டினாள். அவர் சாப்பிடாமலே ஊருக்குக் கிளம்பினார்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, தொடரில் மாமா மாடிப்படியில் உருண்டு செத்துப்போனார். பிளாக்கே கைதட்டியது, நான் மட்டும் அழுதேன். மறுநாள் குறிஞ்சிப்பாடியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

"போவட்டுங்க, பாவம். செத்தவரு மேல என்னாத்துக்குக் கோவம்? தேதி பாருங்க."

கல்யாணத்தில் மாமாதான் அக்காவுக்கு மாலை போட்டார். பந்தியில் மாப்பிள்ளையின் அம்மாவே அவருக்குப் பாயசம் ஊற்றினார். "நல்லா சாப்புடுங்க. ரொம்பக் கஷ்டப்பட்டுச் செத்தீங்க."

உங்களை ஏன் சாகடித்தார்கள் என்று நான் அவரிடம் கேட்டேன். "எனக்கே போரடிச்சிடுச்சு பாப்பா" என்று சொல்லிவிட்டு இன்னொரு வடை கேட்டார். நானும் நம்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் பழையபடி கண் சிமிட்டுவதற்குள் போய்விடும் வேடங்கள்தான்.

டைரக்டரிடம் நடையாய் நடந்து அந்தச் சாவைக் கேட்டு வாங்கியவர் மாமாதான் என்று, நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு அக்கா சொன்னாள். மாமாவைக் கண்டுபிடிக்கும் எங்கள் வீட்டுப் போட்டியில் நான் தோற்றது அந்தப் பந்தியில் மட்டும்தான்.