கமலாவதிக்குப் படைத்த இலை

தில்லைநாதனை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. கொழும்பில் கொஞ்சக் காலம் கந்தோரில் உத்தியோகம் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வாங்கி வந்த நாளிலிருந்து, உடுவில் சனத்துக்கு நாகரிகம் படிப்பிக்க வந்தவன் மாதிரித்தான் நடப்பான். எங்கள் வளவுக்கு அடுத்த வளவு அவனுடையது. அவன் பெண்சாதி கமலாவதி என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அவளுக்காகத்தான் அந்த வீட்டுப் படலையைத் திறப்பேன்.

கமலாவதி வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள். தாய் சின்ன வயதிலேயே போய்விட்டாள். தகப்பன் புகையிலைத் தோட்டமே கதி என்று கிடந்தார். அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது, காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தது எல்லாம் தமையன் இராசநாயகம்தான். அவன் ஒரு முரடன். ஊரில் யாரோடும் ஒத்துப்போகமாட்டான். தங்கச்சி என்றால் மட்டும் உருகிவிடுவான். அவளுக்குக் கல்யாணமானபோது தகப்பன் வளவை இரண்டாகப் பிரித்து, பழைய வீட்டை மகனுக்கு விட்டு, மற்றப் பாதியில் ஒரு கல்வீட்டைக் கட்டி மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். நடுவேலியில் ஒரு பொட்டு விட்டிருந்தார்கள், ஓர் ஆள் குனிந்து போய்வரக்கூடிய இடைவெளி. குழம்புச் சட்டியும் குடும்பக் கதையும் அதற்குள்ளால்தான் போய்வந்தன.

அந்த வேலியில்தான் தில்லைநாதன் கைவைத்தான். வேலி அடைக்கும் காலத்தில், இராசநாயகம் தேர் பார்க்கப் போயிருந்த ஒரு பகலில், ஆள் பிடித்து வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டான். தகப்பன் நட்ட முருங்கை தில்லைநாதனின் பக்கம் வந்துவிட்டது. இராசநாயகம் திரும்பி வந்து தங்கச்சியைக் கூப்பிட்டான்.

"உனக்குத் தெரிஞ்சோ உது நடந்தது?"

புருஷன் பக்கத்தில் நின்றான். அவள் நிலத்தைப் பார்த்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, இராசநாயகம் அன்றைக்கே பொட்டை முள்ளுப் போட்டு அடைத்தான். அதற்குப் பிறகு எட்டு வருஷம் பேச்சில்லை. கமலாவதிக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: தமையன் ஒருநாள் "தங்கச்சி" என்று கூப்பிடவேண்டும். அந்தப் பக்கத்துக் கிணற்றில் துலா கிறீச்சிட்டால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு நிற்பாள். எனக்கு அவள்மேலும் எரிச்சல் வரும். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லத் தெரியாத பிறவி.

எழுபத்துமூன்றாம் ஆண்டு தில்லைநாதனுக்கு ஒரு புது விசர் பிடித்தது. சீமையில் விருந்துக்குப் போகிறவர்கள் வேஷம் போட்டுக்கொண்டு, ஒருவர் கொலையுண்டவராகக் கிடக்க, மற்றவர்களை விசாரித்துக் கொலைகாரனைக் கண்டுபிடித்து விளையாடுவார்களாம். ஏதோ இங்கிலீஷ் சஞ்சிகையில் படித்திருக்கிறான். ஒல்லாந்தர் காலத்துக் கதை என்று சொல்லி, அதற்கு 'முதலியார் வீட்டுக் கொலை' என்று பெயரும் வைத்தான். கந்தோர்ச் சிநேகிதர்கள் பெண்சாதிமாரோடு சனிக்கிழமை பின்னேரம் வருவதாக ஏற்பாடு.

தலைப்பாகைக்கும் கோட்டுக்கும் ஆள் கிடைத்தது. பிணத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. எந்த வீட்டுப் பெண் வலியப் போய்ப் பிணமாகப் படுப்பாள்?

"நீர் படுத்தால் காணும்," என்று தில்லைநாதன் கமலாவதியிடம் சொன்னான். "வாய் திறக்கத் தேவையில்லை. உமக்கு அது தோதுதானே."

அன்றைக்கு நான் கட்லிஸ் பொரித்துக் கொடுக்கப் போயிருந்தேன். விடியத் தொடக்கம் அடுப்படியில் நின்றவள், நடுவறையில் பாயில் படுத்ததும், "இப்பதான், தங்கம், முதுகு நிமிருது," என்றாள் என்னிடம். தில்லைநாதன் அவள் தலையைத் தெற்கே திருப்பி வைத்தான். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினான். தலைமாட்டில் குத்துவிளக்கைக் கொளுத்தினான்.

"உயிரோடை இருக்கிறவளுக்கு உதென்ன கூத்து?" என்று கேட்டேன்.

"விளையாட்டெண்டாலும் அசல் மாதிரி இருக்கவேணும். உங்களுக்கு உதுகள் விளங்காது, சின்னத்தங்கம்."

வந்தவர்களில் பத்மாவதி என்று ஒருத்தி, இவனுடைய மேலதிகாரியின் மனைவி. முதலியாரின் சகோதரி வேஷம் அவளுக்கு. செத்தவளைப் பார்த்து அழவேண்டும் என்று சொல்லியிருந்தான். மற்றவர்கள் நாணிக் கோணிச் சிரித்துக்கொண்டிருக்க, அந்த மனுஷி மட்டும் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள் பாருங்கள், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. செத்தவீட்டுக் குரல் எங்கள் ஊரில் நாலு வளவு தாண்டும். அதை ஒருவரும் யோசிக்கவில்லை.

பின்பக்கம் வேலி முறியும் சத்தம் கேட்டது.

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்பார்கள் எங்கள் ஆட்கள். எவ்வளவு பகையானாலும் பிணம் கிடக்கும் வீட்டு வாசலில் அது நிற்காது. வேலியை வெட்டி வழி விடுவதும் வழக்கம்தான். இராசநாயகம் தோட்டத்து மண் காலோடு, வேலி வெட்டிய கத்தியோடு உள்ளே ஓடிவந்தான். தலை தெற்கே, விளக்கு, கட்டிய கால். வேறு எதையும் அவன் பார்க்கவில்லை. கத்தியைப் போட்டுவிட்டுப் பாயடியில் விழுந்தான்.

"தங்கச்சி! என்ரை குஞ்சு!"

துப்பறிகிறவன் வேஷத்தில் வந்த கனிசியஸ் யாழ்ப்பாணப் பட்டினத்து ஆள். இராசநாயகத்தை முன்பின் கண்டதில்லை. கத்தியோடு ஒருவன் வந்ததும் இதுவும் தில்லைநாதனின் ஏற்பாடு என்று நினைத்து, பிரம்பைச் சுழற்றிக்கொண்டு முன்னுக்கு வந்தான்.

"நீர் ஆர் காணும்? செத்தவவைக் கடைசியாய் எப்ப கண்டனீர்?"

இராசநாயகம் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நான் அவளின்ரை தமையன், ஐயா. எட்டு வருசமாய் முகம் பாக்கேல்லை. வேலிக்கு அங்காலை அவள் இருமினால் கேக்கும். மல்லி அவிச்சுக் குடுக்க ஆரும் இருக்கினமோ எண்டு யோசிப்பன். போகேல்லை. ரோசம், ஐயா. நான்தான் என்ரை பிள்ளையைச் சாகக் குடுத்தனான்."

"கொலைகாரன் பிடிபட்டிட்டான்!" என்று யாரோ கத்த, எல்லோரும் கை தட்டினார்கள்.

தில்லைநாதன் சுவரோடு சாய்ந்து நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். மச்சானை அவனுக்குத் தெரியாதா? ஒரு சொல் சொல்லித் தடுத்திருக்கலாம். எதிரி தன் வீட்டு நிலத்தில் கிடந்து அழுவதைப் பார்க்க அவனுக்கு அவ்வளவு ருசி. அடுப்படி வாசலில் நின்று பார்த்த நான் கரண்டியும் கையுமாக ஆட்களை விலக்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கைதட்டலில் கமலாவதி எழும்பி உட்கார்ந்தாள். "அண்ணை, நான் சாகேல்லை," என்றாள். கன்னமெல்லாம் கண்ணீர். இராசநாயகம் அவளைப் பார்த்தான். தலைப்பாகைகளைப் பார்த்தான், மேசையிலிருந்த கட்லிஸ் தட்டைப் பார்த்தான். கத்தியை எடுத்துக்கொண்டு, வெட்டிய வழியால் திரும்பிப் போனான். இருட்டுவதற்கு முதல் வேலி அடைபட்டுவிட்டது.

"முதலே எழும்பியிருக்கலாமெல்லோடி?" என்று பிறகு அவளைத் திட்டினேன்.

"அவர் தங்கச்சி எண்டு கூப்பிட்டவர், தங்கம். இன்னொருக்கால் கூப்பிடுவார் எண்டு கிடந்தன்," என்றாள்.

தில்லைநாதன் என்ன சொன்னான் தெரியுமா? "எல்லாரையும்விட உம்மடை அண்ணன்தான் திறமாய் நடிச்சவன்." அவன் முகத்தில் அந்தக் கொதிக்கிற எண்ணெயை ஊற்றாமல் வந்ததற்கு என்னை நானே மெச்சிக்கொள்ளவேண்டும்.

இராசநாயகம் அடுத்த நாளே, செத்தவீடு முடிந்தால் செய்வது போல, கீரிமலைக்குப் போய்க் கடலில் தலை முழுகினான். "அண்டைக்குச் செத்தவள் செத்தவள்தான்," என்று சந்தியில் நின்று சொன்னான். செத்தவீட்டுத் துடக்கு என்று கோயிலுக்குப் போகவில்லை, முகம் வழிக்கவில்லை. உயிரோடு இருப்பவளுக்குக் கிரியை செய்யமாட்டேன் என்று ஐயர் மறுத்துவிட்டார். "நீர் தேவையில்லை, நானே படைக்கிறன்," என்று அவரையும் ஏசிக் கலைத்தான். முப்பத்தோராம் நாள் படையலுக்கு என்னையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினான். இவனுக்கும் தில்லைநாதனுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளைப் பிணமாக்கிவிட்டார்கள்.

படையலுக்கு முதல் நாள் கிணற்றடியில் கமலாவதியிடம் சொன்னேன். "உன்ரை அண்ணன் நாளைக்கு உனக்கு இலை போடுறான். கேட்டியோ?"

அவள் அழுவாள் என்று பார்த்தால், "என்னென்ன கறியாம்?" என்று கேட்டாள்.

செத்தவருக்குப் பிடித்ததைத்தானே படைப்பது. இராசநாயகத்தின் பெண்சாதி மகாதேவி எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்: முருங்கைக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், மாங்காய்ச் சம்பல், பயற்றம் பணியாரம், பனம்பழக் களியைக் காயவைத்த பினாட்டு ஒரு துண்டு.

"பினாட்டுமோ?" என்றாள். வேறொன்றும் பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தோம். துக்கத்துக்கு வந்தவர்கள் யார்? வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான். பள்ளிக்கூடக் காலத்துக் கமலாவதியின் படத்துக்கு மாலை போட்டிருந்தான். அதற்கு முன்னால் தலைவாழை இலையில் எல்லாம் படைத்துவிட்டு, செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்தி நாங்கள் வெளியே நின்றோம். மகாதேவி மூக்கைச் சிந்தினாள். அவளுக்கு இந்தக் கூத்து கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

இராசநாயகம் கதவைத் திறந்தான்.

கமலாவதி தன் படத்துக்கு முன்னால் சப்பாணி கட்டிக்கொண்டிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படிப் பக்கத்தால் அந்த அறைக்குள் வரும் கதவின் கொண்டியை ஓர் ஈர்க்கினால் வெளியிலிருந்து தூக்கலாம் என்பது அந்த வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாதா? மகாதேவி "ஐயோ!" என்று கத்தினாள். இரண்டு பேர் முற்றத்துக்குப் பாய்ந்தார்கள்.

"வெளியிலை போகச் சொல்லு," என்றான் இராசநாயகம், மனைவியைப் பார்த்து. "செத்தவளுக்கு வைச்ச சோறு உது."

"எனக்கெண்டுதானே வைச்சனீங்கள்," என்றாள் கமலாவதி.

அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பதிலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குழம்பை இன்னும் கொஞ்சம் சோற்றோடு பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்று விழுங்கினாள். பிறகு தமையனை நிமிர்ந்து பார்த்தாள்.

"குழம்புக்கு உப்புக் காணாது, அண்ணை."

படையலுக்குச் சமைப்பதை ருசி பார்ப்பதில்லை. உப்புப் போதாமல்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல அவளைவிட்டால் யார் இருக்கிறார்கள்? இராசநாயகம் அவளை அடிக்கப் போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். கையை ஓங்கினால் பாய்ந்து பிடிக்க ஆயத்தமாக நின்றேன்.

அவன் மகாதேவியின் மேல் பாய்ந்தான்.

"என்னடி வாய் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? தங்கச்சி உப்புக் காணாது எண்டு சொல்லுறாளெல்லோ? ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா!"

கமலாவதியின் கை சோற்றில் அப்படியே நின்றது. மகாதேவி உப்புச் சிரட்டையோடு வந்தபோதும் அவள் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.