எட்டாத முந்தானை

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் துணி கிடைக்கவில்லை. என் சேலையை வெட்டித்தான் மகளுக்குப் பாவாடை தைத்தேன். அதனால் முந்தானை தலை வரைக்கும் எட்டவில்லை. எங்கள் ஊரான காஜா பெராங்கில், சின்னக் கிறிஸ்தவச் சபையின் மூப்பருக்கு அதுதான் பெரிய கவலை.

வாசிக்கத் தெரிந்த ஆண்களை எல்லாம் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். என் கணவரும் அதில் ஒருவர். மூப்பருக்கோ கண் மங்கல். ஆகவே வேதபாடம் வாசிக்க என்னைக் கூப்பிட்டார். ஆனால் பெண் சபை நடுவில் பேசக் கூடாதாம், அதுவும் வெறுந்தலையோடு. வாசலுக்கு வெளியே நின்று வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. உள்ளேயிருந்து அவர், "சத்தமா வாசிம்மா, ஒண்ணும் கேக்கல!" என்று கத்தினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நனைந்தபடியே உள்ளே போய் எல்லோருக்கும் முன்னால் நின்றேன்.

"முக்காடு எங்கம்மா?" என்றார்.

"எம் மவ இடுப்புல இருக்கு ஐயா. அவுத்துக்கிட்டு வரவா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. மூப்பர் முகம் சுண்டிப்போய்த் தன் தோள்துண்டை நீட்டினார். வியர்வை வாடையோடு அதைத் தலையில் போட்டுக்கொண்டு வாசித்து முடித்தேன்.

அன்றிலிருந்து உள்ளே நின்றே வாசித்தேன். "ஆம்பளைங்க வர்ற வரைக்குந்தான்மா" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிக் காட்டுவார். எனக்கு மட்டும் வேறு ஆசையா இருந்தது?

சண்டை முடிந்தது. என் கணவர் திரும்பவில்லை. திரும்பிவந்த ஒருவரிடம் மூப்பர் உடனே வேதத்தைக் கொடுத்தார். காய்ச்சலில் அந்த மனிதருக்குக் கை நடுங்கியது.

"நீங்களே வாசிங்கக்கா" என்று என்னிடம் தந்துவிட்டு உட்கார்ந்தார். மூப்பர் தன் தோள்துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.