சேர்வரில் இடமில்லாத ஆறு கிழமை

இரண்டாயிரத்து ஓராம் ஆண்டு ஆடி மாதக் கடைசியில், வவுனியாவில் ஜெயரூபினி வேலை செய்த அலுவலகத்தின் சேர்வரில் இடம் முடிந்துபோனது. காணாமற்போனவர்களைத் தேடித் தரும்படி சொந்தக்காரர்கள் கொடுக்கும் படிவங்களைப் பதிந்து வைக்கும் நிவாரண நிறுவனம் அது. படிவத்தோடு ஒரு படமும் வரும். படத்தை ஸ்கான் பண்ணிவிட்டு உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பின்னறையில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் சேர்வர் என்கிற பெரிய கம்பியூட்டருக்குள் அதைப் பெயரோடு சேர்த்துப் போடுவது ஜெயரூபினியின் வேலை. நாலாயிரத்துச் சொச்சம் பேரைப் போட்ட பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இனி இடமில்லை என்று திரையில் எழுத்து வந்தது. அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். எழும்பிப் போய்ப் பொறுப்பாளர் தவராசாவிடம் சொன்னாள்.

"அண்ணை, சேர்வரிலை இடம் முடிஞ்சுது. இனிப் படம் ஏறாது."

"அப்ப வாற சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"படிவத்தை எழுதி வாங்கி வைப்பம். பிறகு போடலாம்."

தவராசா அன்றைக்கே கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பினார். படிவங்கள் அருந்ததியின் மேசையில் சேரத் தொடங்கின. வருகிறவர்களை இருத்தி விவரம் கேட்டு எழுதுகிறவள் அருந்ததி.

ஜெயரூபினிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். அவளுடைய கணவன் கொலின்ஸ் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள் தொழிலுக்குப் போனான். படகு திரும்பவில்லை, கூடப்போன இரண்டு பேரும் திரும்பவில்லை. கடலில் வெடிச்சத்தம் கேட்டது என்று ஒருவர் சொன்னார். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். மாமியார் புனிதத்தைக் கூட்டிக்கொண்டு அவள் மல்லாவிக்குப் போனாள். அங்கே ஒரு நிறுவனம் ஜெனரேற்றரில் ஓட்டிய ஒற்றைக் கம்பியூட்டரில் தட்டச்சுப் பழகினாள். அடுத்த வருடம் புனிதத்தின் கண்ணில் வெள்ளை படர்ந்தது. ஒப்பரேசனுக்கென்று பயண அனுமதிப் பாஸ் எடுத்து இருவரும் வவுனியாவுக்கு வந்து, அகதி முகாமில் ஓர் அறையில் தங்கிவிட்டார்கள்.

அவள் அழுததை முகாமில் ஒருவரும் காணவில்லை. கெட்டிக்காரி, மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று பேசினார்கள். தேற்றிக்கொள்வதற்கு என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. காலையில் எழும்புவாள், தண்ணீருக்கு வரிசையில் நிற்பாள், வேலைக்குப் போவாள். ஒரு நாளில் பத்துப் பதினைந்து முகங்களை ஸ்கான் பண்ணுவாள். ஒரு முகமும் வீட்டுக்கு அவளோடு வந்ததில்லை.

அவள் மேசையில் பதியக் காத்துக் கிடந்த படிவங்களுக்குள் கொலின்சின் படிவமும் இருந்தது. அவள் கொடுத்ததல்ல. போன மார்கழியில் அவள் காய்ச்சலாய்க் கிடந்த கிழமையில், புனிதம் சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகத்துக்கு வந்து அருந்ததியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். காய்ச்சல் மாறி வேலைக்கு வந்தபோது ஜெயரூபினி அதைக் கண்டாள். எடுத்து அடுக்கின் அடியில் வைத்தாள். அடுக்குக் குறையும்போதெல்லாம் புதுப் படிவங்கள் வரும். அது மறுபடி அடிக்குப் போகும். ஏன் அப்படிச் செய்கிறாள் என்று அவள் தன்னைக் கேட்கவில்லை.

புனிதம் மட்டும் இடைக்கிடை கேட்பாள். "மோனின்ரையைப் போட்டிட்டியே பிள்ளை?"

"இன்னும் இல்லை மாமி. நிறையக் கிடக்கு."

ஆடிக்குப் பிறகு பதில் சுலபமாகிவிட்டது. "இடமில்லை மாமி. கொழும்பிலை இருந்து வரவேணும்." அது பொய்யுமில்லை.

புரட்டாதி பிறந்து சில நாளில் கொழும்பிலிருந்து லொறியில் ஒரு பெட்டி வந்தது. சோதனைச் சாவடியில் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். உள்ளே பெரிய ஹார்ட் டிஸ்குகள் நான்கு. சேர்வரைத் திறக்கவே தேவையில்லை, வயரால் நெற்வேர்க்கில் இணைத்தால் போதும், புதிய இடம் தானாகத் தெரியும் என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. அவள் இணைத்தாள். பெட்டியில் பச்சை விளக்குகள் எரிந்தன. சேர்வரில் ஒன்றும் தெரியவில்லை.

கொழும்பிலிருந்த எஞ்சினியர் றொசானைத் தொலைபேசியில் பிடிக்க மத்தியானமாயிற்று.

"அக்கா, நான் இங்கை வைச்சே உங்கடை சேர்வருக்கெண்டு இடம் ஒதுக்கித்தான் அனுப்பினனான். கட்டாயம் தெரியவேணும். வயரைப் பாருங்கோ."

வயரை மாற்றினாள். வயர்கள் எல்லாம் வந்து சேரும் சிறு பெட்டியில் வேறு துளையில் செருகிப் பார்த்தாள். சேர்வரிலிருந்து புதுப் பெட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கட்டளையைக் கொடுத்தாள். இருக்கிறேன் என்று நாலு வரியில் பதில் வந்தது. வயரில் பிழையில்லை. சேர்வரை நிறுத்தித் தொடக்கினாள். அப்போதும் தெரியவில்லை. அந்த வருடம் நாடு முழுக்க மின்வெட்டு. மூன்று மணிக்குக் கரண்ட் நின்றது. ஜெனரேற்றருக்கு அன்றைக்கு டீசல் இல்லை.

இரண்டாம் நாளும் அதே கதை. கூப்பிட்டால் பதில் சொல்கிறது. இடத்தைக் கேட்டால் மௌனம். றொசானுக்கும் அலுத்துவிட்டது.

"சேர்வருக்குள்ளைதான் ஏதோ குழப்பம். நான் வாறதெண்டால் அனுமதி எடுக்கப் பத்து நாள் செல்லும். நீங்களே எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடுங்கோ. நான் ஃபோனிலை சொல்லித்தாறன்."

"அழிச்சால் உள்ளை இருக்கிற ஆக்கள்?"

"சீடியிலை பிரதி எடுத்து வைச்சிருக்கிறியள்தானே?"

"வைகாசி வரைக்கும்தான் இருக்கு. அதுக்குப் பிறகு எடுக்கச் சீடி வரேல்லை. அறுநூறு பேர் இதுக்குள்ளை மட்டும்தான் இருக்கினம்."

"படத்தைத் திரும்ப வாங்கலாமே அக்கா."

"ஆரிட்டை வாங்கிறது? அவை இப்ப எந்த முகாமிலை எண்டே தெரியாது. நான் அழிக்கமாட்டன்."

இதைச் சொன்னபோது அவளுடைய குரல் உயரவில்லை. பக்கத்தில் நின்ற தவராசா அவளைப் பார்த்தார். தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "பிள்ளை, கொழும்பு சொல்லுறதைக் கேட்காமல் விட்டால் பிறகு பிழை எங்கடை தலையிலைதான் விழும்," என்றார்.

"விழட்டும் அண்ணை."

மூன்றாம் நாள் காலை அவள் சேர்வருக்கு முன்னால் ஒரு கொப்பியோடு இருந்தாள். இந்த வருடம் இந்த இயந்திரத்தில் எதையெல்லாம் மாற்றினோம் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். தையில் திரை மாறியது. மாசியில் விசிறி. சித்திரையில் இடி விழுந்து வயர் செருகும் கார்ட் எரிந்துபோனது. களஞ்சியத்தில் கிடந்த பழைய கம்பியூட்டர் ஒன்றின் கார்ட்டைக் கழற்றி அவளே பூட்டினாள். அந்த இடத்தில் பேனா நின்றது. தொலைபேசியை எடுத்தாள்.

"றொசான் தம்பி, பெட்டி எங்கடை சேர்வரை எதை வைச்சு அடையாளம் பிடிக்குது?"

"கார்டின்ரை நம்பரை வைச்சு. ஒவ்வொரு கார்டுக்கும் எழுத்தும் இலக்கமுமா ஒரு நம்பர் இருக்கு. அந்த நம்பருக்குத்தான் இடத்தைத் திறந்துவிடும்."

"நீங்கள் என்ன நம்பர் குடுத்தனீங்கள்?"

அவன் தன் பதிவேட்டைப் பார்த்து வாசித்தான். அவள் சேர்வரின் திரையிலிருந்ததை வாசித்தாள். ஓர் எழுத்துக்கூடப் பொருந்தவில்லை.

"கார்ட் மாத்தினதை ஏன் சொல்லேல்லை?" என்று அவன் கேட்டான்.

"சித்திரையிலையே எழுதி அனுப்பினனான். ஆரும் பதிவேட்டிலை திருத்தேல்லைப் போலை."

அவன் சொல்லச் சொல்ல, மற்றக் கம்பியூட்டரிலிருந்து பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். பழைய நம்பரை அழித்தாள். புதியதைப் பன்னிரண்டு எழுத்தும் சரிபார்த்து அடித்தாள். சேர்வரில் போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"வரேல்லை," என்றாள்.

"பொறுங்கோ அக்கா. சேர்வர் தொடங்கேக்கை மட்டும்தான் தேடும். திரும்ப ஒருக்கா நிப்பாட்டித் தொடக்குங்கோ."

நிறுத்தினாள். தொடக்கினாள். அது எழும்ப ஆறு நிமிடம் எடுத்தது. திரையில் பழைய டிஸ்குக்குக் கீழே இன்னொரு வரி வந்தது. பழையதைப்போலப் பத்து மடங்கு இடம், ஒருவர் பெயரும் இல்லாமல்.

"வந்திட்டுது," என்றாள்.

தவராசா கைகளைத் தட்டினார். எல்லாருக்கும் தேத்தண்ணி போடச் சொன்னார். கொழும்புக்கு அவள் எப்படிப் பதில் சொன்னாள் என்று அருந்ததிக்கு நடித்துக்கூடக் காட்டினார். ஜெயரூபினி தேத்தண்ணியைக் குடித்தாள். சந்தோசப்படவேண்டிய நேரம் என்று தெரிந்தது. அது வரவில்லை. முதல் வேலையாக அறுநூறு பேரையும் புது இடத்துக்குப் பிரதி எடுத்து, எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

பிறகு அருந்ததி படிவக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஆறு கிழமையில் சேர்ந்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு. இடம் வந்ததும் முந்தி வந்தவர் முந்திப் போகட்டும் என்று, ஜெயரூபினியின் மேசையில் கிடந்தவற்றையும் சேர்த்துத் திகதிப்படி அடுக்கியிருந்தாள். மேலே கிடந்தது மார்கழி மாதப் படிவம்.

அருந்ததி போகாமல் நின்றாள். அந்தப் படிவத்தை எழுதியவளே அவள்தான்.

"அக்கா, இதை நான் போடட்டே?"

"வேண்டாம். நானே போடுறன்."

பெயர், வயது, தொழில் என்று வரிசையாக அடித்தாள். மனைவி என்ற இடத்தில் தன் பெயரை அடித்தபோது எழுத்துப் பிழை வந்தது, திருத்தினாள். கடைசியாகக் கண்ட நேரம் என்ற இடத்தில் 'விடியப்புறம்' என்று எழுதியிருந்தது. கம்பியூட்டர் அதை ஏற்கவில்லை. மணிதான் வேண்டும் என்றது. அவள் நாலரை என்று போட்டாள். படம் யாருடையவோ கலியாண வீட்டில் எடுத்தது. கொலின்ஸ் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். ஸ்கானரின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய் முடிந்தது. ஒரு நம்பர் வந்தது. படிவத்தின் மூலையில் அதை எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தாள். முரசுமோட்டையைச் சேர்ந்த ஏரம்பு என்பவர் தம்பிக்காகக் கொடுத்தது. மின்வெட்டு வரும்வரைக்கும் எல்லாமாக இருபது பேரைப் போட்டாள்.

பொழுதுபடும் நேரம் முகாமுக்கு வந்தபோது புனிதம் அறை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டாச்சு மாமி," என்றாள் ஜெயரூபினி.

சுளகு நின்றது. "என்ன நம்பர்?"

சொன்னாள். புனிதத்துக்கு எழுதத் தெரியாது. நம்பரை வாய்க்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தாள்.

"படமும் போட்டதோ?"

"ஓம்."

"எத்தினை மணிக்குப் போனவன் எண்டு கேட்டிருப்பாங்களே. என்ன போட்டனீ?"

"நாலரை எண்டு."

"நாலரை இல்லைப் பிள்ளை." புனிதம் தலையை ஆட்டினாள். "நாலு. நான்தானே எழும்பித் தேத்தண்ணி குடுத்தனான். நீ நல்ல நித்திரை. எழுப்பட்டே எண்டு கேட்டனான். படுக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன்."

மூன்றரை வருடமாக ஒன்றாகவே இருந்தும், இதைப் புனிதம் இதுவரை சொன்னதில்லை. ஜெயரூபினி நெஞ்சுக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். குந்தியிருந்து சுளகை வாங்கி, மிச்ச அரிசியைப் புடைத்தாள். சோறு ஆக்கி இருவரும் சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் காலை, மற்றவர்கள் வருமுன் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பதிவைத் திறந்தாள். நாலரையை அழித்து நாலு என்று போட்டாள். பிறகு இருபத்தோராவது படிவத்தை எடுத்தாள்.