மணல்மலையில் கண்ட பிறை

கற்பிட்டிப் பக்கம் மலை ஏது? கடலோரத்து உயர்ந்த மணல்மேட்டைத்தான் மணல்மலை என்று சொல்லிக்கொள்வார்கள். அதன் உச்சியில் ஒரு ஹோட்டல்காரர் தொலைநோக்கி ஒன்றை நிறுத்தி, வெள்ளி பார்க்கும் நிலையம் என்று பெயர்ப்பலகையும் போட்டார். அதற்கு மனேஜர் நஜாத். வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டிக் கதை சொல்ல, சம்பளம் வாங்காமல் தொண்டுக்குப் போனவர் நஜாத்தின் தாய்மாமன் அர்கம் ஹாஜியார்.

ஹாஜியார் லேசுப்பட்ட ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் சொல்லிவிட்டு, பாலாவி உப்பளத்தில் மூட்டை சுமந்தவர். இன்றைக்கு லொறி இருக்கிறது, தென்னந்தோட்டம் இருக்கிறது, மாடிவீடு இருக்கிறது. எல்லாம் அவருடைய முதுகு தேடித் தந்தவை. எவன் கொடுத்த ஒரு பிடி அரிசியும் அதில் இல்லை. அவற்றுக்கெல்லாம் மேலாக அவர் வைத்திருந்த சொத்து பிறைச் சாட்சி. நோன்பின் இருபத்தொன்பதாம் மாலை அர்கம் ஹாஜியார் பிறை கண்டேன் என்றால் பள்ளிவாசலில் மறுபேச்சு இல்லை, கொழும்புக்குத் தகவல் போய், மறுநாள் நோன்பு முடிந்து பெருநாள் ஆகிவிடும். படித்து உத்தியோகம் பார்க்கிற எவனுடைய சொல்லுக்கும் ஊரில் அந்த மதிப்புக் கிடையாது.

ஆனால் நிலையத்துக்குப் போன நாள் தொட்டு அவருக்குக் குமட்டல்தான். சனிக் கிரகத்தைக் காட்டினால், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, அதற்கு முதுகைக் கொடுத்து நின்று தங்களையே படம் எடுக்கிறார்கள். ரோல்ஸ் தின்ற எண்ணெய் விரலைக் கண்ணாடியில் வைக்கிறார்கள். ஒருத்தி பிள்ளையின் பம்பர்ஸை மணலில் புதைத்துவிட்டுப் போக, ஹாஜியார் தன் கையால் அள்ளினார். உப்புச் சேறும் மீன் குடலும் அளைந்த கைதான். இந்த அசிங்கத்தைத்தான் அந்தக் கையால் தாங்க முடியவில்லை.

இந்த வருடம் இருபத்தொன்பதாம் நோன்பன்று, பிறை பார்க்க வாருங்கள் என்று நஜாத் ஊரையே கூட்டியிருந்தான். பாங்கு சொன்னதும் கஞ்சிக் கோப்பையும் ஈத்தம்பழமுமாகச் சனம் மேற்கே பார்த்து நின்றது. அடிவானத்தில் மேகம். தொலைநோக்கியில் ஒன்றும் அகப்படவில்லை. திடீரென்று சிவந்த வெளிச்சத்தினூடே மெல்லிசாய், வெள்ளையாய், ஒரு வளைவு.

"அந்தா! அல்லாஹு அக்பர்!" என்றார் ஹாஜியார். மேடே அதிர்ந்தது.

நஜாத் போனை நீட்டினான். "மாமா, இன்னொருக்காச் சொல்லுங்க. முகத்த இஞ்சால திருப்புங்க."

சொன்னார். அந்தப் படம் அடுத்த நொடியே ஊருக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த வளைவு சரிந்தது. மேகத்துக்குள் போகவில்லை, தலைகீழாய் வந்து கடலில் விழுந்தது. பலகையில் நின்று, வளைந்த பெரிய பட்டத்தைக் காற்றில் பிடித்தபடி அலைமேல் சறுக்கி விளையாடும் வெள்ளைக்காரன் ஒருவன், தண்ணீரில் கிடந்த பட்டத்தின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

"நஜாத், அது பட்டம்டா."

"தெரியும் மாமா. மெதுவாக் கதைங்க."

"தெரியுமா?"

"விட்டுடுங்க. பிறை கண்ட இடமெண்டு நம்மட நிலையத்துக்குப் பேர் வந்துட்டு. ஒரு நாள் முந்திப் பெருநாள் வந்தா யாருக்கு நட்டம்?"

பக்கத்தில் நின்ற கடைக்கார இன்சாப், வாய் நிறைய சமோசாவோடு சொன்னான்: "நானும் கண்டன் ஹாஜியார். வல்லாஹி, பட்டத்துக்கு மேல வேற ஒண்டு இருந்திச்சு."

"உன்ட முதுகுதானேடா அந்தப் பக்கம் இருந்திச்சு! உன்ட மூஞ்சையப் படம் எடுத்துக்கொண்டு நிண்டாய்!"

"அப்ப நாங்களும் பொய்யா?" என்று பின்னால் நாலைந்து குரல்கள் எழும்பின. பட்டம் விழுந்ததைப் பார்த்த அதே கண்களை வைத்துக்கொண்டு சத்தியம் பண்ணினார்கள். அழுகின மீன் கூடையைத் திறந்தவர்போல ஹாஜியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போன் அடித்தது. பள்ளிவாசல் இஸ்ஹாக். "ஹாஜியார், கொழும்புக்குச் சொல்லட்டா?"

நஜாத் அவர் கையைப் பிடித்தான். "மாமா, இல்லையெண்டு சொன்னா இனி உங்கட சாட்சிய நாயும் கேக்காது. மானம் போயிடும்."

அவன் சொன்னது உண்மைதான். மூட்டை சுமந்து சேர்த்த சொத்து போனால் திரும்பவும் சுமக்கலாம். இந்தச் சொத்து போனால் போனதுதான். ஹாஜியார் கையை உதறினார்.

"இஸ்ஹாக், நான் கண்டது பிறையில்ல. வெள்ளக்காரன்ட பட்டம்."

இஸ்ஹாக் குரலைத் தாழ்த்தினார். "கண் ஏமாத்திட்டா ஹாஜியார்?"

"ஓம், ஏமாத்திட்டு. என்ட சாட்சிய எடுக்க வேணாம். இஞ்ச வேற எவன் கண்டனெண்டு சொன்னாலும் நம்ப வேணாம். இவனுகள் பிறையக் காணல்ல, என்ட சத்தத்தக் கண்டானுகள்."

"கண் தெரியாத கிழவன் பெருநாளைக் கெடுத்துட்டான்!" என்று யாரோ ஒருவன் கத்தினான். நஜாத்தின் முகம் கறுத்துவிட்டது. "இனி இஞ்ச வர வேணாம் மாமா."

"நீ கூப்பிட்டாலும் வரமாட்டன்டா. இந்தக் குப்பைய நீயே அள்ளு."

மணலில் துப்பிவிட்டு இறங்கினார். பாதி வழியில் மனைவி ஜெமீலாவுக்குப் போன் போட்டார். "விடியமுந்திச் சஹருக்குச் சோறு ஆக்கு."

"ஊர் முழுக்க உங்கட படத்தப் பாத்துச் சிரிக்கிறாங்களாமே!"

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டு நாளைக்கு நோன்பப் பிடிக்கட்டும்."