கண்ணாடி அறைக்கு எத்தனை கதவு

காசு கொடுத்து வெயிலை வாங்கிய ஆள் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். சாத்தூர் ரோட்டில் குடியிருக்கிற மற்றவர்கள் எல்லாம் வெயிலைத் துரத்தத்தான் செலவழிக்கிறார்கள். தகரம் போடுகிறார்கள், வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறார்கள், தென்னங்கீற்று வேய்கிறார்கள். நானோ மொட்டை மாடியில் சுற்றிலும் கண்ணாடி, தலைக்கு மேலும் கண்ணாடி என்று வைத்து, வாங்க உட்காருங்க என்று வெயிலுக்கு விருந்து வைத்தேன்.

எல்லாம் ஒரு வீடியோ காலில் ஆரம்பித்தது. குளிர் நாட்டில் வேலை பார்க்கும் எங்கள் மகள், அங்கே தான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைச் சுற்றிக் காட்டினாள். பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை. வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே இவள் பனியன் துணியில் சட்டை போட்டுக்கொண்டு காபி குடிக்கிறாள். "இதுக்குப் பேரு சன்ரூம்மா" என்றாள். என் மனைவி ஃபோனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எம்புட்டு வெளிச்சமா இருக்கு. நம்ம மாடியிலயும் இப்படி ஒண்ணு கட்டலாமாங்க?"

திருமணமான முப்பத்தொரு வருடத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அது. பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பியதிலிருந்து எங்கள் அடுப்படியில் பட்டப்பகலிலும் டியூப்லைட் எரிகிறது. முழங்கால் வலியோடு அந்த டியூப்லைட்டுக்குக் கீழேதான் அவள் பொழுது போய்க்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் சொன்ன முதல் வார்த்தை, "பைத்தியமா உனக்கு?"

பாதிச் செலவு தன்னுடையது என்று மகள் சொன்னாள். அந்த நிமிடம்தான் எனக்கும் வெளிச்சம் மிகவும் பிடிக்கும் என்பது ஞாபகம் வந்தது.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். பட்டாசு அடைக்கிற அட்டைப்பெட்டி செய்யும் சின்ன கம்பெனி வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், ஏழு ஆள். ஒரு பொருளுக்கு விலை எங்கே ஏறும், எங்கே அமுக்கலாம் என்று பார்த்தே வயிறு வளர்த்தவன். ஆகவே கண்ணாடி அறை விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நம்பினேன்.

அலுமினிய வேலை செய்கிற காண்ட்ராக்டர் வந்தார். மாடியில் நின்று நாலு திசையும் பார்த்தார். சூரியன் எங்கே உதிக்கும் என்றுதான் கேட்பார் என்று நினைத்தேன்.

"பட்டாசுக் கம்பெனி எந்தப் பக்கம் அண்ணாச்சி? எம்புட்டு தூரம்?"

எங்கேயாவது வெடித்தால் சாதாக் கண்ணாடி அந்த அதிர்ச்சிக்கே விரிசல் விட்டுவிடுமாம். எனவே சூட்டில் பதப்படுத்திய டஃபன் கண்ணாடி வேண்டும். விலை அங்கேயே ஒரு படி ஏறியது. கண்ணாடி கனம் என்பதால் சட்டமும் கனமாக வேண்டும். சட்டம் கனம் என்பதால் தளம் தாங்குமா என்று பார்க்க ஒரு இன்ஜினியர் வேண்டும். இன்ஜினியர் வந்து தளத்தைக் காலால் மூன்று முறை தட்டினார், கீழே ஒரு உத்திரம் கொடுக்க வேண்டும் என்றார், கைநீட்டி ஃபீஸ் வாங்கிக்கொண்டு போனார். என் வாழ்நாளில் அவ்வளவு விலையுயர்ந்த உதையை நான் பார்த்ததில்லை.

பிறகு கூரை. ஷீட் போட்டால் ஒரு விலை, கண்ணாடி போட்டால் இரண்டு மடங்கு. ஷீட் போட்டால் சன்ரூம் ஆகாது, சைக்கிள் ஷெட் ஆகும் என்றார் காண்ட்ராக்டர். மானத்துக்கு அஞ்சிக் கண்ணாடிக்குத் தலையாட்டினேன். ஆடிக்காற்றுக்கு மூலைக்கு மூலை கூடுதல் போல்ட். மழை ஒழுகாமல் இருக்க இடுக்கெல்லாம் சிலிகான்.

வெயில் உள்ளே வரப் பாதை போட்டாயிற்றா? அடுத்து, உள்ளே வந்த வெயிலை என்ன செய்வது என்ற பேச்சு தொடங்கியது. சூடு குறைய ஒரு ஃபிலிம் ஒட்ட வேண்டும். ஃபிலிம் போதாது, இழுத்து மறைக்கத் திரை வேண்டும். திரை போட்டால் காற்று வராது, ஏ.சி. வேண்டும். ஏ.சி.க்குத் தனி வயர். திரையும் ஃபிலிமும் சேர்ந்து இருட்டாகிவிடும், அதனால் கூரையில் நாலு லைட். ஆக, வெயிலுக்காகக் கட்டுகிற அறையில் பகலில் லைட் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இதையெல்லாம் அவர் முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல் எழுதினார். நானும் ஒரு சிரிப்புகூட இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதுவரை ஓரமாக நின்ற என் மனைவி ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"நாலு பக்கமும் கதவு வச்சிருங்க. வெளிய பாத்துத் தொறக்குற மாதிரி."

காண்ட்ராக்டர் பேனாவை நிறுத்தினார். "மதினி, கண்ணாடிய அப்படியே பதிச்சா ஒரு விலை. அதையே கதவா மாத்துனா சட்டம், கீல், பூட்டு, கைப்பிடின்னு எகிறிரும். ஒழுகவும் செய்யும். படிக்கட்டுப் பக்கம் ஒரு கதவு போதும்."

"பட்டாசு ஷெட்டா கட்டுறோம்?" என்றேன் நான். நானும் காண்ட்ராக்டரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சிரிப்புக்கு விளக்கம் தேவையில்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கையாளுகிற அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, சுற்றிலும் வாசல் இருக்க வேண்டும், ஓடினால் தடுக்காமல் வெளியே போய்விட வேண்டும். என் மனைவி தாயில்பட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினேழு வருடம் அப்படி ஒரு ஷெட்டில் வேலை பார்த்தவள். மகள் பத்தாம் வகுப்பு படித்தபோது அங்கே நடந்த ஒரு விபத்தில் இடது முழங்கை வரை தீக்காயத்தோடு இவள் வீட்டுக்கு வந்தாள். கூட வேலை பார்த்த சிநேகிதி வீட்டுக்கு வரவே இல்லை. அதோடு இவள் வேலையை விட்டுவிட்டாள்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் அந்த நகைச்சுவையைச் சொன்னேன். அவள் காபி போடக் கீழே போனாள். "பாத்துக்கலாம்" என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். நான் பார்த்துக்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். அது முப்பத்தொரு வருடமாக அவளுக்குத் தெரியும். மூன்று கதவை வெட்டி மிச்சம் பிடித்ததில் அன்று எனக்கு அப்படி ஒரு பெருமை. மகளிடம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

அறை கட்டி முடிந்தது. தெரு ஆட்கள் வந்து பார்த்தார்கள். "மீன் தொட்டி பெரிசா இருக்கே அண்ணாச்சி, தண்ணி எப்ப ஊத்துவீக?" என்று பக்கத்து வீட்டுக்காரர் தன் மூன்றாம் மாடியிலிருந்து கேட்டார். மனைவி உள்ளே போனாள், நடுவில் நின்றாள், நாலு பக்கமும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நல்லாயிருக்குங்க."

அவ்வளவுதான். அவளுக்கென்று வாங்கிப் போட்ட பிரம்பு நாற்காலியில் அவள் உட்காரவில்லை. மறுநாளும் உட்காரவில்லை. மூன்றாம் நாள் மேலே போய்ப் பார்க்கிறேன், நாற்காலி மூலைக்குப் போயிருந்தது, தரையில் பழைய சேலை விரித்துக் கொத்தவரை வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் மோர்மிளகாய். அதற்கடுத்து கூழ்வத்தல். மேலே போவாள், புரட்டிப் போடுவாள், வந்துவிடுவாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டஃபன் கண்ணாடி, உத்திரம், ஏ.சி., இன்ஜினியர் உதைத்த உதை, எல்லாம் கொத்தவரைக்காய்க்கா? உட்கார்ந்து காட்டுகிறேன் பார் என்று ஒருநாள் காலை பதினொரு மணிக்கு நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் பனியனைப் பிழியலாம் போல ஆகிவிட்டது. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. ஏ.சி.யைப் போட்டு, திரையை இழுத்து, லைட்டையும் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தேன். கீழே எங்கள் படுக்கையறையில் இதே வசதி முன்பே இருந்தது.

"கேட்டது நீ. கட்டியாச்சு. உக்கார என்ன கேடு?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன்.

"உக்காருவேன். இப்ப வத்தல் கெடக்கட்டும்" என்றாள்.

ஒரு மத்தியானம் மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். அவள் கண்ணாடி அறைக்குள் குனிந்து வத்தல் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்போது வடக்கே எங்கோ வெடித்தது. தரை ஒரு குலுங்கு குலுங்கியது. கண்ணாடிகள் மொத்தமும் கிணுகிணுத்தன. காண்ட்ராக்டர் சொன்னபடியே ஒன்றும் உடையவில்லை.

அவள் ஓடினாள். படிக்கட்டுப் பக்கத்துக் கதவு அவளுக்குப் பின்னால் அகலத் திறந்தே கிடந்தது, ஆறு அடி வைத்தால் போதும். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மேற்கே ஓடிக் கண்ணாடியில் போய் மோதினாள். நெற்றி இடித்த சத்தம் எனக்கே கேட்டது. விலகி, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியைத் தள்ளினாள். கதவைத் தள்ளுவது போலவே தள்ளினாள். மறுபடியும் தள்ளினாள்.

"கதவு அங்கன! பின்னால பாரு!" என்று வெளியிலிருந்து கத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுக்கும் எனக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அவள் கண் என்மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. சுற்றி ஓடி உள்ளே போய்த் தோளைப் பிடித்துத் திருப்பியபோதும் அவள் கை கண்ணாடியைத் தள்ளவே போனது. நான் பயந்துபோனேன். இதற்கு முன் அவளுக்காக இப்படி நான் பயந்தது தீக்காயத்தோடு வந்த அந்த நாளில் மட்டும்தான்.

கழிவு மருந்து எரித்த இடத்தில் வெடித்திருக்கிறது, யாருக்கும் ஒன்றும் இல்லை என்று கால் மணி நேரத்தில் செய்தி வந்தது. அவள் நெற்றியில் ஐஸ் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம், டியூப்லைட்டுக்குக் கீழே. அவளாகவே பேசினாள்.

"ஷெட்டுல ஆளுக்கு ஒரு கதவுங்க. ஏதாச்சுன்னா ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்துரக் கூடாதுல்ல. என் கதவு மேக்க. பதினேழு வருசம். ஓடுறப்ப யோசிக்க மாட்டோம், காலு தானா நம்ம கதவுக்குப் போயிரும்."

உருகிப்போன ஐஸை எடுத்துவிட்டு வேறு வைத்தேன்.

"எங்கூட வேலை பாத்து செத்துப்போனாளே, அவ கதவு வடக்க. அன்னைக்குச் சீசன் லோடு வந்து எறங்குச்சு. வைக்க எடமில்லன்னு வெறும் பெட்டிய அவ கதவ மறிச்சு அடுக்கிட்டாக. அவளுக்கும் தெரியும், காலையில பாத்துச் சிரிச்சோம். ஆனா பக்கத்து ஷெட்டு பத்திக்கிட்டப்ப அவ அங்கனதான் ஓடுனா. என் கதவு தொறந்து கெடந்துச்சு. நான் கூப்பிட்டேன். அவ பெட்டியத் தள்ளிக்கிட்டே இருந்தா."

இத்தனை வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. அந்தச் சிநேகிதியின் சாவு வீட்டுக்கு நானும் போயிருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பொறி பட்டதாம் என்று நாலு பேர் சொன்னதற்குத் தலையாட்டியிருக்கிறேன். அவை யார் கம்பெனிப் பெட்டிகள் என்று அவள் சொல்லவில்லை. அந்த சீசனில் அந்தப் பக்கத்துக்கு லோடு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். நான் கேட்கவில்லை.

மறுநாளே காண்ட்ராக்டரை வரச்சொன்னேன். பதித்த கண்ணாடியை எடுத்து, சட்டத்தை அறுத்து, மூன்று பக்கமும் கதவு வைக்க வேண்டும் என்றதும் அவர் தலையைச் சொறிந்தார். டஃபன் கண்ணாடியை வெட்ட முடியாது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

"மொதல்லயே சொல்லியிருந்தீகன்னா இதுல பாதிதான் ஆகியிருக்கும் அண்ணாச்சி."

"மொதல்லயே அவ சொன்னா" என்றேன். அவர் பேரம் பேசக் காத்திருந்தார். நான் பேசவில்லை.

இப்போது நாலு கதவும் எந்நேரமும் திறந்தே கிடக்கின்றன. ஏ.சி. போட்டால் தெருவுக்குத்தான் குளிரும். புழுதி வருகிறது, காக்கா வருகிறது. சன்ரூம் என்று சொன்னால் மகளே ஒத்துக்கொள்ள மாட்டாள், விலை கூடிய பந்தல் என்பாள். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கும் ஒன்று கட்டலாமா, எம்புட்டு ஆகும் என்று கேட்கிறார். அறை எவ்வளவு பெரிது, கண்ணாடி எவ்வளவு கனம், தளம் தாங்குமா என்று எல்லாம் சொல்கிறேன். யாருக்காகக் கட்டுகிறீர்களோ அவர்களிடம் முதலில் கேளுங்கள், அதுதான் மலிவு என்றும் சொல்கிறேன். அவர் நான் விளையாடுவதாக நினைக்கிறார்.

தினமும் காலையிலும் சாயங்காலமும் அவள் அங்கேதான் இருக்கிறாள். கதவு வைத்த அன்றே எல்லாருக்கும் பங்கு பிரித்துவிட்டாள். மேற்கு அவளுக்கு. படிக்கட்டுப் பக்கம் எனக்கு. தெற்கு, மகள் வரும்போது அவளுக்கு. வடக்கு யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. போன மாதம் மறதியாக சாம்பிள் பெட்டிக் கட்டு ஒன்றைக் கொண்டுபோய் வடக்குக் கதவோரம் வைத்துவிட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குனிந்து, அதைத் தள்ளித் தள்ளி அறைக்கு வெளியே கொண்டுபோய் விட்டு வந்தாள். அதன்பிறகு அந்தக் கதவுக்கு முன்னால் நான் என் செருப்பைக்கூட விடுவதில்லை.